தங்கச்சியின் குச்சும் மதுவிலக்கு ஜீப்பும்

ஜீப் சத்தம் கேட்டால் எங்கள் சரிவில் தைலம் காய்ச்சுகிறவர்கள் முதலில் பாட்டில்களை ஒளித்துவைப்பார்கள். மஞ்சூர் சாலையில் ஜீப்பில் போகிறவர் யாராக இருந்தாலும் ஏதாவது ஓர் அலுவலகத்தைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார். அணை வேலை, ரோடு அளக்கும் வேலை, மரம் எண்ணும் வேலை. கற்பூர இலை, அதாவது யூகலிப்டஸ் இலை, வேகும் வாசம் மூக்கில் ஏறியதும் வண்டி நின்றுவிடும். "பெரியவரே, வீட்ல கொழந்தைக்கு சளி. ஒரு பாட்டில் குடுங்க" என்பார்கள். குடுங்க என்றால் சும்மா குடுங்க என்று அர்த்தம். அதனால் வளைவில் ஜீப் உறுமினாலே அப்பா பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இது திருட்டுத்தனம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. மழை வந்தால் கொடியிலிருந்து துணியை எடுப்பது மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கொண்டுபோய் நன்றாக மாட்டிவிட்டது.

அவசர நிலை முடிந்து ஜனங்கள் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்திருந்த சமயம் அது. மதுவிலக்கு அமலில் இருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, ஊட்டியில் ஒரு கிரிமினல் வக்கீலின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் பிடிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்காவிட்டால்கூடச் சொல்லிவிடுவேன்.

அந்த வாரம் என் தங்கச்சி பெரிய மனுஷி ஆகியிருந்தாள். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தாத்தா காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம் நாங்கள். கீழ்நாட்டு வழக்கம் எதையும் அம்மா விடவில்லை. தாய்மாமன் வந்து குச்சு கட்ட வேண்டும், சீர் முடிகிறவரை பெண் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும், ஆண் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது, வீட்டுக்குள்ளும் வரக்கூடாது. கீழே பச்சைத் தென்னை ஓலையில் கட்டுவார்கள். எங்கள் உயரத்தில் தென்னைக்கு எங்கே போவது? மாமா பஸ் பிடித்து வந்து, கற்பூர மரத்துக் கிளைகளை வெட்டி, தைலக் கொட்டகைக்குப் பின்னால் ஆள் குனிந்து நுழைகிற அளவில் ஒரு தழைக் குச்சைக் கட்டிக் கொடுத்துவிட்டு, சீருக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

எனக்கும் அம்மாவுக்கும் இதில் பெரிய சண்டை. நான் பெரிய மனுஷி ஆனது பெண்கள் ஹாஸ்டலில். வார்டன் ஒரு சோப்பும் ஒரு நாள் லீவும் கொடுத்தார், முடிந்தது. "ஒலகம் எங்கியோ போயிட்டிருக்கு, நீங்க புள்ளய தழைக்குள்ள அடைச்சு வெக்கறீங்க, அதுவும் இந்தக் குளிர்ல" என்றேன்.

"ஆமா, உன்னையத்தான் குச்சுல வெக்காம உட்டுட்டேன். அதான் இப்படி எதுத்துப் பேசற" என்றாள் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மேலே பாய் கடைக்குப் போயிருந்தேன். ரோட்டோரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். சீருக்காக ஏற்கனவே ஒரு மூட்டை வெல்லம் வாங்கியாகிவிட்டது. உளுந்துக் களிக்கு நல்லெண்ணெய் போதாது என்று அம்மா என்னை விரட்டியிருந்தாள். பாய் எண்ணெயை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் எங்களைத் தாண்டிப் போய் எங்கள் வீட்டுக்கு மேலே நின்றது.

"மதுவிலக்கு வண்டி மாதிரி இருக்குதேம்மா" என்றார் பாய்.

நான் எண்ணெய்த் தூக்கை வாங்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வீட்டுக்குள் புகுந்திருந்தார்கள்.

எங்கள் வீடு ஒரே அறைதான். ஒரு கான்ஸ்டபிள் படுக்கையை உதறிக்கொண்டிருந்தார். இன்னொருவர் என் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்திருந்தார். என் சர்டிபிகேட்டுகள், ஆபீசுக்குக் கட்டும் இரண்டு சேலைகள், உள்பாவாடைகள், எல்லாம் தரையில். அடுப்புக்குப் பின்னால் ஆண்கள் கண்ணில் படாமல் நாங்கள் காயப்போடும் பழந்துணிகளை ஒருவர் லத்தி நுனியால் தூக்கிப் பார்த்து, என்னவென்று புரிந்ததும் சட்டென்று கீழே போட்டார். அந்த ஒரு நொடியை என்னால் இன்றும் நிதானமாக எழுத முடியவில்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

அப்பா வாசலில் கைகட்டி நின்றார். எதிரில் இன்ஸ்பெக்டர். சமவெளியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. காதைச் சுற்றி மப்ளர், கையில் நனைந்த கைக்குட்டை, மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் வேட்டி கட்டிய இரண்டு பேர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாட்டில தூக்கிட்டு ஓடினத நானே ரோட்டுலேர்ந்து பாத்தேன்யா. எங்க வெச்ச?"

"தைலமுங்க சாமி. வெறும் தைலமுங்க."

"தைலம்னா ஏன்யா ஓடற?"

நீங்கள் ஓசியில் கேட்பீர்கள் என்றுதான் ஓடினேன் என்று ஒரு இன்ஸ்பெக்டரிடம் எப்படிச் சொல்வது?

யாரோ அவருக்குத் தகவல் கொடுத்திருக்கிறார்கள். அதை அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். மூட்டையாக வெல்லம் இறங்கியிருக்கிறது. கொட்டகையில் ராவும் பகலும் அடுப்பு எரிகிறது. பின்னால் புதிதாக ஒரு தழைக் கொட்டாய் முளைத்திருக்கிறது, ஆண்கள் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை, பெண்கள் மட்டும் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். தைலம் காய்ச்சுவதே சாராய வாசத்தை மறைக்கத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கே சந்தேகமாக இருந்தது. குச்சு என்றால் என்னவென்று தெரியாத ஊர்க்காரர் ஒருவர், வெல்லம், தைலம் காய்ச்சும் செம்புக் கொப்பரை, ஒளிக்கிற கொட்டாய், பாட்டிலோடு ஓடும் ஆள் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் வேறு என்ன வரும்?

வாசமே சொல்லாதா என்று கேட்கலாம். அவருக்கு மூக்கு முழுதாக அடைத்திருந்தது. மலையே தைலத்தில் மணத்துக்கொண்டிருந்தது, அவருக்கு மட்டும் ஒன்றும் எட்டவில்லை.

"பின்னாடி கொட்டாய்க்குப் போங்கய்யா" என்று கான்ஸ்டபிள்களிடம் சொன்னார்.

அம்மா குச்சின் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா தூக்கி வந்த பெட்டியை வாங்கி அவள்தான் அவசரத்தில் குச்சுக்குள் தள்ளியிருக்கிறாள். ஆண் பிள்ளை யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்று அவள் கணக்கு.

"சாமி, உள்ள எம்புள்ள இருக்குதுங்க. வயசுக்கு வந்த புள்ளைங்க. ஆம்பளைங்க பாக்கப்படாதுங்க" என்று கும்பிட்டாள்.

"அப்ப வெளிய வரச் சொல்லு."

"வரப்படாதுங்க சாமி. சீரு செய்யாம எப்படிங்க வரும்?"

"உள்ளயும் போகக்கூடாது, வெளியவும் வரக்கூடாதுன்னா சரக்கு நடந்தா வரும்?" என்று இன்ஸ்பெக்டர் சொல்ல, பீடிக்காரர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் குச்சின் ஓரத்துக் கிளையைப் பிடித்தார். தழை அசைந்தது. உள்ளிருந்து சத்தமே வரவில்லை. அந்தச் சத்தமில்லாமைதான் எனக்குத் தாங்கவில்லை. என் தங்கச்சி எதற்கும் வாய் மூடுகிறவள் இல்லை.

குச்சே வேண்டாம் என்று சண்டை போட்டவள் நான். ஆனால் அதைப் பிரித்துப்போட வேண்டுமென்றால் அது எங்கள் அம்மாவோ தங்கச்சியோ நானோ செய்ய வேண்டிய காரியம். ஜீப்பில் வந்தவர்கள் செய்யக்கூடாது.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். கையில் எண்ணெய்த் தூக்கு இன்னும் இருந்தது.

சினிமாவில் வருகிற மாதிரி வாரண்ட் எங்கே என்று நான் கேட்கவில்லை. மதுவிலக்குக் கேசில் வாரண்ட் இல்லாமலே சோதனை போட அவருக்கு அதிகாரம் உண்டு என்பது எனக்குத் தெரியும். அப்படிக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே என் மானம் போயிருக்கும். ஆனால் எப்படிச் சோதனை போட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்கள் வக்கீல் ஜாமீன் மனுவில் மறுபடி மறுபடி சொல்லச் சொல்ல டைப் அடித்து அடித்து எனக்கு அது விரல் நுனியில் ஏறியிருந்தது. அதுவரை அது விரல் நுனியில் மட்டும்தான் இருந்தது.

"சார், சோதனைக்கு சாட்சி யாருங்க?"

"அதோ நிக்கறாங்கல்ல" என்று பீடிக்காரர்களைக் காட்டினார்.

"அவங்க உங்க ஜீப்புலயே வந்தவங்க. இந்த எடத்துல குடியிருக்கறவங்களா இருக்கணுங்க சார்."

அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு என்னை முதல் தடவையாகப் பார்த்தார். "நீ யாரும்மா? வக்கீலா?"

"வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்டுங்க சார்."

"டைப்பிஸ்டே இந்தப் பேச்சு பேசினா வக்கீல் எப்படிப் பேசுவாரு?"

"அவரு இவ்வளவு மரியாதையா பேச மாட்டாருங்க சார்" என்றேன். வேண்டுமென்றே சொல்லவில்லை, பயத்தில் வாயில் வந்துவிட்டது. கிளையைப் பிடித்திருந்த கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கக் கிளையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அது போதும் என்று இருந்தது எனக்கு.

"பாப்பா, சும்மா இரு. ஆபீசருகிட்ட..." என்று அப்பா பின்னாலிருந்து முனகினார்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்கத் தைரியம் வராது. "உள்ள இருக்கற புள்ள எங்க வழக்கப்படி வெளிய வராத புள்ளைங்க சார். அப்படி இருந்தா, உள்ள போறதுக்கு முன்னால அவ மரியாதையா வெலகிப் போறதுக்கு நீங்க எடம் பண்ணிக் குடுக்கணும். இத்தன பேரு சுத்தி நிக்கறப்ப அவ எப்படி வருவா? நீங்க எல்லாரும் ரோட்டுக்கு ஏறிப் போயி அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"நாங்க ரோட்டப் பாத்து நிப்போம், நீங்க பாட்டில மாத்திட்டு வருவீங்க. நல்லாருக்கே."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மா அவசரமாகக் குச்சுக்குள் கைவிட்டுப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள். "இவ்வளவுதானுங்க சாமி, நீங்களே பாத்துக்குங்க." அதைத் தவிர வேறு எதுவும் உள்ளே இல்லை என்பதற்கு என்ன சாட்சி என்றார் இன்ஸ்பெக்டர். மறுபடி குச்சைப் பார்த்தார்.

"அப்ப ஒரு பொம்பள போயிப் பாக்கட்டும் சார்" என்றேன். "பொம்பளைய சோதனை போடறதுன்னா இன்னொரு பொம்பளதான் போடணும்னும் இருக்குது. எங்க வீட்டாளு வேண்டாம். வெளியாளு. நீங்களே யார வேணா கூப்பிடுங்க."

அவர் மூன்று தடவை தும்மினார். பிறகு, "யாரு இருக்கா இங்க?" என்று கேட்டார். அவர் குரலில் அதிகாரம் குறையவில்லை. ஆனால் அது கேள்வி. அதுவரை அவர் எங்களிடம் கேட்டதெல்லாம் வெறும் அதட்டல்.

அதற்குள் மேலேயிருந்து பாய் இறங்கி வந்திருந்தார். கீழே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து ஒரு அக்காவும் வந்து நின்றிருந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், கொழுந்து எடுக்கிறவர். சாட்சிக்கு நிற்பீர்களா என்று நான் கேட்டபோது பாய் உடனே தலையாட்டிவிட்டார். அந்த அக்கா தயங்கினார். போலீஸ் தாளில் கையெழுத்துப் போட எங்கள் மலையில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கோ இந்த ஊரில் இருக்கிறேன் என்று நிரூபிக்கிற தாள்களே இன்னும் எந்த ஆபீசிலோ சுற்றிக்கொண்டிருந்தன.

"நாங்க கப்பல் எறங்கின எடத்துல பொட்டி படுக்கை எல்லாத்தையும் அவுத்து அவுத்துப் பாத்தாங்க புள்ள" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எங்கள பாக்க ஒரு பொம்பளயப் போடுங்கன்னு சொல்றதுக்கு அன்னைக்கு ஒருத்தரும் இல்ல." சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்ஸ்பெக்டரிடம், "நான் போறேன் ஐயா" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஆண்களை எல்லாம் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். பீடிக்காரர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். லயத்து அக்கா குச்சின் வாசலில் குனிந்து, "புள்ள, நான்தான். பயப்படாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தழைக்குள் ஏதோ தட்டுவதும் புரட்டுவதும் கேட்டது. பிறகு ஒரு சின்னச் சத்தம். அழுகையா என்று அம்மா என் கையைப் பிடித்தாள். வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது, ஆகியிருக்காது.

அக்கா வெளியே வந்து முட்டியில் ஒட்டிய இலைகளைத் தட்டினார்.

"என்ன இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு பாயி, ஒரு கம்பளி, ஒரு குடம். ஒரு புள்ள. வேற ஒண்டுமில்ல ஐயா."

"நல்லாப் பாத்தியா?"

"கம்பளிய ஒதறிக்கூடப் பாத்தேன். குளிருக்கு நடுங்குது புள்ள."

அவர் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகி மூக்கின் அருகில் கொண்டுபோனார். எதுவும் தெரியாமல் இன்னும் நெருக்கமாக வைத்து இழுத்தார். எதுவும் கலக்காத தைலம் அது. நாங்களே அதை அப்படி முகர மாட்டோம். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. இருமினார், தும்மினார், பாட்டிலைக் கான்ஸ்டபிளிடம் தள்ளிவிட்டு அங்கேயே குந்திவிட்டார். அப்பா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினார். அம்மா, "ஏனுங்க, வெந்நீ கொண்டாங்க, வெந்நீ" என்று கத்தினாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டைக் கவிழ்த்த மனிதருக்கு என் அப்பா வெந்நீர் கொடுத்துத் துண்டால் விசிறிவிட்டதைப் பார்த்தபோது எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

எழுந்தபோது அவருக்கு மூக்கு திறந்திருந்தது. ஆழமாக மூச்சை இழுத்து விட்டார். சுற்றிலும் திரும்பி, கொட்டகையை, வெந்து ஆறிய இலைக் குவியலை, ஓடைத் தண்ணீரில் கிடக்கும் குழாயை, எல்லாவற்றையும் முதல் தடவையாக மோந்து பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"இந்த வெல்லம்?"

"நான் வித்ததுங்க" என்றார் பாய். "களி கிண்டறதுக்கு. சீருக்கு நீங்களும் வந்தா ஒரு உருண்டை கெடைக்கும்."

"கொப்பரையத் தொறந்து காட்டச் சொல்லட்டுங்களா சார்?" என்று ஒரு கான்ஸ்டபிள் கேட்டார்.

அப்பாவின் முகம் வெளுத்தது. மூடியைச் சுற்றி மண் பூசி அடைத்து, பாதி வேக்காட்டில் இருக்கிற கொப்பரை. திறந்தால் அன்றைய தைலம் முழுக்க ஆவியாகிப் போகும். நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டரே, "வேண்டாம்யா. குழாய் வாய்ல சொட்டறதத்தான் நான் பாட்டில்ல மோந்துட்டேனே" என்றார்.

சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். இதற்கு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தார். "அதான் போறோமேம்மா" என்றார். "நாளைக்கு வேற ஜீப் வருங்க சார்" என்றேன். ஜீப்பின் பானெட்டில் வைத்து எழுதினார். பாயும் லயத்து அக்காவும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். அக்கா தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். நிதானமாக, கோணாமல் எழுதினார்.

கிளம்பும்போது அப்பாவின் கை தானாகப் பெட்டிக்குப் போனது. பயம் தெளிந்த சந்தோஷத்தில் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டிவிட்டார். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேணாம் பெரியவரே" என்று சொல்லி, கைக்குட்டையில் மட்டும் இரண்டு சொட்டு விடச் சொல்லி வாங்கிக்கொண்டு மேலே ஏறினார். லத்தி நுனியால் துணியைத் தூக்கிய கான்ஸ்டபிள் கடைசியாகப் போனார். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று எனக்கு அதற்குச் சக்தி மிச்சமில்லை.

ஜீப் வளைவைத் தாண்டியதும் நான் அப்படியே கொப்பரைக்குப் பக்கத்தில், அடுப்புச் சூட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா அணைந்துகொண்டிருந்த அடுப்பில் வெந்த இலைச் சருகை அள்ளிப் போட்டு ஊதினார். கொஞ்ச நேரத்தில் குழாய் வாயில் மறுபடி சொட்ட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் போல ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

"பாப்பா, நெசமாவே அப்படி எழுதியிருக்குதா? பொம்பளைய பொம்பளதான் பாக்கணும்னு?" என்று அப்பா கேட்டார்.

"எழுதியிருக்குதுங்கப்பா."

"யாரு எழுதினாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எந்த ஊரிலோ, எந்தக் காலத்திலோ யாரோ உட்கார்ந்து, இப்படி ஒரு வாசலில் இப்படி ஒருத்தி நிற்கக்கூடும் என்று யோசித்திருக்கிறார்கள். எங்கள் குச்சை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அதற்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "நல்லவங்க யாரோ" என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டினார்.

பாயும் அம்மாவும் வீட்டுச் சாமான்களை எடுத்துவைக்கப் போனபோது லயத்து அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

"படுக்கற பாய்க்கு அடியில நாலு பச்சை முட்டை இருந்துச்சு புள்ள. உங்கம்மா காலையில காலையில குடிக்கக் குடுக்கிறதாம். குடிச்சிட்டேன்னு சொல்லிப்புட்டு ஒளிச்சு வெச்சிருக்கா. நான் தொட்டதும் 'அம்மாகிட்டச் சொல்லிராதீங்க'ன்னு ஒரே கெஞ்சல். போலீசப் பத்திக் கவலையே இல்ல அவளுக்கு."

"நீங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே அக்கா."

"சாராயம் இருந்தா சொல்லச் சொன்னாங்க. முட்டையப் பத்தி ஆரு கேட்டா?"

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. முட்டையை என்ன செய்தாள் என்று நான் தங்கச்சியிடம் கேட்கவும் இல்லை.

அம்மா அன்று என்னைக் குச்சுக்குள் போகச் சொன்னாள். சொன்னது ஒரு பெரிய விஷயம். உள்ளே போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். மலைக் குளிரில் ஓடைத் தண்ணீரில் தலைமுழுகுவது எனக்குப் பிடிக்காது என்று அதுவரை நான் அந்தப் பக்கமே போனதில்லை. "போயி அவகூட செத்த நேரம் இரு. நான் வெந்நீ வெக்கறேன்" என்றாள். எங்கள் சண்டையை அவள் முடித்த விதம் அது. குச்சு சரியா தப்பா என்று நாங்கள் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. என் மனதில் நான் மாறவும் இல்லை.

குனிந்து உள்ளே போனேன். பச்சைத் தழைக்குள் வெளிச்சம் மங்கலாக, கண் எரிகிற வாசத்தோடு இருந்தது. தங்கச்சி கம்பளியைப் போர்த்திக்கொண்டு தழையோரம் உட்கார்ந்திருந்தாள். அழுதிருப்பாள், தேற்ற வேண்டும் என்று நினைத்துப் போனேன்.

"போயிட்டாங்களா அக்கா?"

"போயிட்டாங்க. யாரும் உள்ள வர மாட்டாங்க."

அவள் கம்பளியை உதறிவிட்டு முட்டி போட்டு எழுந்தாள். இரண்டு கிளைகளுக்கு நடுவில் விரல்விட்டு விலக்கி ஒரு சந்தைக் காட்டினாள். கொட்டகை, முற்றம், ரோட்டுக்கு ஏறும் பாதை, எல்லாம் அந்தச் சந்தில் தெரிந்தது.

"எல்லாத்தையும் பாத்தேன்" என்றாள். பிறகு இடுப்பில் கைவைத்து, மூக்கைச் சுளித்து, கண்ணை உருட்டி, "டைப்பிஸ்டே இந்தப் பேச்சு பேசினா" என்று ஆரம்பித்து, நடுவில் மூன்று தடவை தும்மி, கடைசியில் பாட்டிலை மோந்த மாதிரி மல்லாந்து விழுந்தாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். குச்சு முழுக்கக் குலுங்கி இலைகள் எங்கள் தலையில் உதிர்ந்தன.

"வயசுக்கு வந்த புள்ள சத்தம் போட்டுச் சிரிக்கலாமா?" என்று வெளியிலிருந்து அம்மா அதட்டினாள். கொஞ்சம் பொறுத்து அவளும் சிரிக்கிற சத்தம் கேட்டது.